கேளாத கேள்வி: மனச்சோர்வு மருந்துகளும் பாலியல் வேட்கையும் — ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த மருந்து தோன்றியது, அதனைக் கண்டவர் யாவர், அதனால் உயிர் பிழைத்தோர் எத்துணையர் என்பனவே அதன் பொருளாக அமைகின்றன. ஆயின் மருத்துவத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நோயாளர் அறிந்திருந்தும் சொல்லாது விட்டவை, மருத்துவர் அறியக்கூடியவராயிருந்தும் கேளாது விட்டவை ஆகியவற்றின் வரலாறு அது. மனச்சோர்வு நோய்க்கு வழங்கப்படும் மருந்துகள் மனிதரின் பாலியல் வேட்கையை எவ்வாறு தாக்குகின்றன என்னும் விடயம் இவ்விரண்டாவது வரலாற்றுக்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்விடயத்தில் அறிவு ஓரிடத்தும் மௌனம் பிறிதோரிடத்தும் வளர்ந்து வந்தமையை நோக்குதல் பயனுடைத்து.

முதற்கண் நோயின் இயல்பை நோக்குதல் வேண்டும். மனச்சோர்வு என்பது வெறுந் துயரம் எனக் கருதப்படுமாயின் அது பிழையாகும். உறக்கம், பசி, ஊக்கம், சிந்தனை வேகம் ஆகிய யாவும் அந்நோயினால் தளர்வுறுகின்றன. இன்பங்களில் நாட்டமின்மை அதன் தலையாய குறிகளுள் ஒன்று. பாலியல் வேட்கை குன்றுதலும் அதனுள் அடங்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த உளமருத்துவரான மக்ஸ் ஹமில்ற்றன் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகோல், மனச்சோர்வின் கடுமையை மதிப்பிடுதற்கு உலகெங்கும் கையாளப்பட்டு வந்துள்ளது. 17 கூறுகளைக் கொண்ட அவ்வளவுகோலில் ஒரு கூறு பாலியல் வேட்கைக் குறைவுக்கும் மாதவிடாய்க் குழப்பங்களுக்கும் உரியது. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் ஜூல்ஸ் அங்ஸ்ற் நடத்திய நீண்டகால ஆய்வின் முடிவுகள் 1998இல் வெளியாயின. மனச்சோர்வுடையோரிடையே பாலியற் சிக்கல்கள் ஏனையோரிலும் பார்க்க ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டன என அவை எடுத்துக்காட்டின.

இதிலிருந்து ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. நோயே வேட்கையைக் குன்றச் செய்யுமாயின், மருந்து உட்கொள்ளும் ஒருவரிடத்துக் காணப்படும் அக்குறைவை எதன் கணக்கில் எழுதுவது? நோய் இன்னும் தீரவில்லை என்பதா, மருந்து புதியதொரு கேட்டை விளைத்துள்ளது என்பதா? ஹமில்ற்றன் அளவுகோலோ இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. மருந்தினால் விளைந்த குறைவும் அங்கே நோயின் புள்ளியாகவே பதிவாகக்கூடும். பின்னாளில் நிலவிய மௌனத்துக்கு நாணம் ஒன்றே காரணமன்று; அளக்குங் கருவியிலேயே அதற்கு இடமிருந்தது என்பது மனங்கொளத்தக்கது.

மனச்சோர்வுக்கான மருந்துகள் தற்செயலாகவே தோன்றின. 1952ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ஸ்ரேற்றன் தீவிலுள்ள சீ வியூ வைத்தியசாலையிலே காசநோயாளருக்கு ஐப்புறோனியசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. படுக்கையிற் கிடந்தோர் பலர் உற்சாகம் மிக்கவராயினர். உண்ணவும் உரையாடவும் ஆர்வங் கொண்டனர். இவ்வுற்சாகத்தை மனநோய்க்குப் பயன்படுத்தலாம் என்பதை நேதன் கிளைனும் அவர்தம் குழுவினரும் 1957இல் எடுத்துரைத்தனர். அதே காலப்பகுதியில் சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்ரர்லிங்கன் மனநோய் வைத்தியசாலையில் றோலண்ட் கூன் என்பவர், கெய்கி நிறுவனம் அனுப்பிய இரசாயனப் பொருள்களைத் தம் நோயாளரிடத்துப் பரீட்சித்து வந்தார். அவற்றுள் ஒன்றே பிற்பாடு இமிப்பிறமின் எனப் பெயர் பெற்றது. 1957 செப்டெம்பரில் சூரிச்சில் நடைபெற்ற இரண்டாவது உலக உளமருத்துவ மாநாட்டில் கூன் அதுபற்றி உரையாற்றியபோது மிகச் சிலரே அவையில் இருந்தனர் எனக் கூறப்படுகின்றது.

கூனின் கண்டுபிடிப்புக்கு அடிப்படையாயிருந்தது அளவுகோல் எதுவுமன்று. நோயாளரை நாள்தோறும் அருகிருந்து நோக்கிய நோக்கே அதற்கு அடிப்படை. ஆயினும் அந்நோக்கின் மறுபக்கமும் வரலாற்றிற் பதிவாகியுள்ளது. மூன்ஸ்ரர்லிங்கனில் பல ஆண்டுகளாக நிகழ்ந்த மருந்துப் பரீட்சைகளை வரலாற்றாசிரியர் ஆராய்ந்து 2019இல் விரிவானதோர் அறிக்கையை வெளியிட்டனர். நோயாளர் பலரிடம் முறையான சம்மதம் பெறப்படாமலே மருந்துகள் பரீட்சிக்கப்பட்டமையை அது வெளிக்கொணர்ந்தது. நோயாளர் நோக்கப்பட்டனர், ஆயின் வினவப்படவில்லை. பாலியல் வேட்கை பற்றிய மௌனத்தையும் இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

மருந்துகள் தோன்றிய பின்னரே அவை எவ்வாறு தொழிற்படுகின்றன என்னும் ஆராய்ச்சி விரிவடைந்தது. 1948இல் ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகரில் மோறிஸ் றப்போட், ஆடா கிறீன், ஏர்வின் பேஜ் ஆகியோர் குருதியிலிருந்து செரற்றோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது மூளையிலும் உண்டென்பதைப் பெற்றி துவாறொக், பேஜ் ஆகிய இருவரும் 1953இல் நிறுவினர். நரம்புக் கலமொன்று தன் செய்தியை அடுத்த கலத்துக்குச் செலுத்துதற்கு இத்தகைய பொருள்களைச் சிறிய இடைவெளியினுள் வெளிவிடுகின்றது. செய்தி சென்றபின் எஞ்சியதைத் தானே மீள உறிஞ்சிக்கொள்கின்றது. இமிப்பிறமின் முதலியன இம்மீளுறிஞ்சலைத் தடுத்து, இடைவெளியில் அப்பொருள்கள் நெடுநேரம் தங்கும்படி செய்கின்றன. 1965இல் ஜோசப் ஷில்ட்குறோட் நோரட்றனலின் வகைப் பொருள்களின் குறைவை மனச்சோர்வுடன் தொடர்புபடுத்தினார். 1967இல் அலெக் கொப்பன் செரற்றோனினின் பங்கை வலியுறுத்தினார்.

இவ்விடத்தே வரலாற்றின் முதல் முரண் தோன்றுகின்றது. செரற்றோனினுக்கும் பாலியல் வேட்கைக்கும் உள்ள தொடர்பு ஆய்வுகூடத்தில் அப்பொழுதே வெளிப்பட்டிருந்தது. மூளையிற் செரற்றோனின் உற்பத்தியாவதைத் தடைசெய்யும் இரசாயனப் பொருளொன்றை ஆண் எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் பாலியல் நடத்தை கட்டுமீறிப் பெருகியமையை 1969ஆம் ஆண்டில் சயன்ஸ் என்னும் ஆய்விதழ் வெளியிட்டது. செரற்றோனின் குறைய வேட்கை பெருகுமெனின், அது மிகும்போது வேட்கை குன்றுமோ என்னும் வினா இயல்பாகவே எழுந்திருக்க வேண்டும். எலியின் நடத்தையை மனிதனுக்கு அப்படியே பொருத்துதல் பொருந்தாது என்பது உண்மையே. எனினும் வினாவை எழுப்புதற்கு அது போதியதொரு காரணமாயிருந்தது.

இரண்டாவது முரண் இதனினும் வியப்புக்குரியது. செரற்றோனின் மீளுறிஞ்சலை வலுவாகத் தடுக்கும் குளோமிப்பிறமின் என்னும் மருந்து, விந்து விரைந்து வெளிப்படும் சிக்கலுக்குப் பரிகாரமாக 1973இலேயே மருத்துவ இதழொன்றில் எடுத்துரைக்கப்பட்டது. அஃதாவது, இம்மருந்து உச்ச நிலையைத் தாமதிக்கச் செய்யும் என்பது மருத்துவர் சிலருக்கு நன்கு தெரிந்திருந்தது; தெரிந்திருந்தமையாற்றான் அதனை அவர்கள் பயன்படுத்தினர். அதே மருந்தை மனச்சோர்வுக்காக உட்கொண்டோரிடத்து அதே விளைவு தோன்றுமா என்பதை முறையாக ஆராய்வோரோ அரியராயினர். ஓரிடத்து மருந்தெனப் பெயர் பெற்ற விளைவு, மற்றோரிடத்துப் பெயரின்றிக் கிடந்தது. இதே பண்பைக் கொண்ட டப்பொக்செற்றின் என்னும் மருந்து 2009இல் பின்லாந்திலும் சுவீடனிலும் அச்சிக்கலுக்கென்றே அனுமதிக்கப்பட்டமை பிற்கால நிகழ்ச்சியாகும்.

1980கள் மனச்சோர்வு மருத்துவத்தின் திருப்புமுனையாக அமைந்தன. சுவீடனைச் சேர்ந்த ஆவிட் கார்ல்சனின் ஆய்விலிருந்து பிறந்த சிமெலிடின், செரற்றோனின் மீளுறிஞ்சலை மாத்திரம் தடுக்குமாறு உருவாக்கப்பட்ட மருந்தாகும். 1982இல் வெளிவந்த அது, நரம்புகளைத் தாக்கும் பாரதூரமான பக்கவிளைவு காரணமாக 1983இல் மீளப்பெறப்பட்டது. அதன்பின் ஐக்கிய அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டின் இறுதியில் அனுமதி பெற்ற புளுவொக்செற்றின், புறோசாக் என்னும் வணிகப் பெயருடன் உலகப் புகழ் எய்தியது. பழைய மருந்துகள் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கக்கூடியன. புதியனவோ அவ்வகையிற் பெரிதும் பாதுகாப்பானவை. ஆதலின் பொது மருத்துவரும் தயக்கமின்றி அவற்றை எழுதிக்கொடுத்தனர். வைத்தியசாலைச் சுவர்களுக்குள் சில வாரங்கள் கொடுக்கப்பட்ட மருந்து, இப்பொழுது இல்லறம் நடத்துவோரும் தொழில் புரிவோரும் ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் குளிசையாக மாறிற்று. வேட்கை பற்றிய வினா இங்கேதான் உயிர்ப்பிரச்சினையாகின்றது. படுக்கையிற் கிடக்கும் நோயாளருக்கு அது இரண்டாம்பட்சமாகத் தோன்றலாம். நோய் தணிந்து இல்வாழ்க்கைக்கு மீண்டவருக்கு அவ்வாறன்று.

எனினும் புதிய மருந்துகளுடன் வந்த ஆரம்பகாலத் தகவற் குறிப்புகள் பாலியற் பக்கவிளைவுகளை மிகச் சிறிய வீதத்தினவாகவே காட்டின. அவ்வெண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதிலேதான் மறைபொருள் உள்ளது. ஆரம்பப் பரீட்சைகளில் நோயாளர் தாமாக முன்வந்து கூறிய முறைப்பாடுகளே பெரும்பாலும் பதிவு செய்யப்பட்டன. தலைவலியையும் குமட்டலையும் எவருந் தயங்காது கூறுவர். படுக்கையறை பற்றிய முறைப்பாடு அத்தகையதன்று.

1987ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு இம்மறைபொருளைத் தெளிவாகத் துலக்கிற்று. அடங்கா எண்ணங்களாலும் செயல்களாலும் துன்புற்ற நோயாளருக்குக் குளோமிப்பிறமினும் வெற்றுக் குளிசையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு அது. முன்னர் இயல்பான பாலியல் உச்சநிலையை எய்தி வந்த 33 பேருள் 9 பேர் வெற்றுக் குளிசை பெற்றோர். அவருள் ஒருவருக்கேனும் பாதிப்பு ஏற்படவில்லை. மருந்து பெற்ற 24 பேருள் ஏறத்தாழ யாவரும் அந்நிலையை முழுமையாகவோ ஓரளவோ இழந்திருந்தனர். ஆண், பெண் இரு பாலாரிடத்தும் இது காணப்பட்டது. நேரிற் கேட்டபோது வெளிவந்த இவ்வுண்மை, வினாக்கொத்தை நிரப்பக் கொடுத்தபோது பெருமளவு மறைந்து நின்றமை இங்கே கருதத்தக்கது. அன்றியும், இந்நோயாளர் மனச்சோர்வு காரணமாகச் சேர்க்கப்பட்டவரல்லர். ஆகவே நோயின் விளைவே இது என்று கூறி ஒதுக்குதற்கும் இடமில்லாது போயிற்று.

பத்தாண்டுகளின் பின்னர், 1997இல், ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் இவ்வேறுபாட்டை எண்களாலேயே காட்டினர். செரற்றோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்துகளை உட்கொண்ட 344 நோயாளர் அவ்வாய்வில் இடம்பெற்றனர். தாமாகவே பாலியற் சிக்கல்களை எடுத்துக் கூறியோர் நூற்றுக்கு 14 வீதத்தினர். மருத்துவர் நேரடியாகக் கேட்டபோது அவ்வீதம் 58 ஆக உயர்ந்தது. மருந்தும் ஒன்றே, நோயாளரும் அவரே. ஒரு கேள்வி கேட்கப்பட்டதும் கேட்கப்படாததுமே வேறுபாடு. அதே ஆய்வுக் குழுவினர் 1,022 நோயாளரைக் கொண்டு நடத்திய விரிவான ஆய்வு 2001இல் வெளியாயிற்று. அதிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 59 வீதத்தினர் பாதிப்புற்றிருந்தனர். அரிசோனாப் பல்கலைக்கழகத்தினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து வினாக்களைக் கொண்ட சுருக்கமான அளவுகோல், இத்தகைய கேள்வியை மருத்துவரின் அன்றாடக் கடமையாக்குதற்கு வழிகோலிற்று.

மௌனம் நெடுங்காலம் நீடித்தமைக்குக் காரணங்கள் பலவாகும். நோயாளர் நாணினர்; மருத்துவரும் தயங்கினர். தற்கொலையின் விளிம்பிலிருந்து ஒருவரை மீட்ட மருந்தைப் பற்றி அற்பக் குறை கூறுவதா என்னும் எண்ணம் இரு சாராரையும் தடுத்தது. மனச்சோர்வுக்கே உரிய குற்றவுணர்வு, குறையைத் தன்மீதே ஏற்றிக்கொள்ளுமாறு நோயாளரைத் தூண்டியது. மருந்து விற்போர் தாமாக முன்வந்து இக்கேள்வியை எழுப்புவர் என எதிர்பார்த்தற்கும் இடமில்லை. இம்மௌனத்தின் விலையோ அற்பமானதன்று. காரணம் கூறாது மருந்தைக் கைவிடுவோருக்கு நோய் மீளவும் வரலாம். கணவன் மனைவியரிடையே தோன்றும் விலகலுக்கு மருந்தே காரணமென அறியாதவிடத்து, அன்பு குன்றிவிட்டது என ஒருவரையொருவர் ஐயுறவும் நேரலாம். வாழ்வை மீட்டுத் தருவதற்கென எழுந்த மருத்துவம், அவ்வாழ்வின் ஒரு கூற்றைக் கேளாமலே எடுத்துக்கொள்ளுதல் நியாயமாகாது.

எல்லா மருந்துகளும் இவ்விடயத்தில் ஒரு தன்மையன அல்ல. செரற்றோனினை நாடாது டோப்பமின், நோரட்றனலின் ஆகியவற்றின் வழித் தொழிற்படும் பியூப்புறோப்பியன் ஐக்கிய அமெரிக்காவில் 1985இல் அனுமதி பெற்று, வலிப்பு அபாயம் காரணமாக 1986இல் நிறுத்தப்பட்டு, குறைந்த அளவுடன் 1989இல் மீண்டும் வந்தது. அது வேட்கையை அரிதாகவே பாதிக்கின்றது. இன்னொரு மருந்தான பிளிபன்செறினின் கதை மேலும் நூதனமானது. மனச்சோர்வுக்கென உருவாக்கப்பட்ட அது, அந்நோக்கத்திற் பயன் தரவில்லை. ஆயின் அதனை உட்கொண்ட பெண்களிடத்து வேட்கை சற்றே மிகுந்தமை கவனிக்கப்பட்டது. இருமுறை நிராகரிக்கப்பட்ட பின்னர், வேட்கைக் குறைவுக்கான மருந்தாக 2015இல் அது அமெரிக்க அனுமதியைப் பெற்றது. அதன் பயன் சிறிதே என்பது பலர் கருத்தாயினும், மனநிலையும் வேட்கையும் மூளையில் வெவ்வேறு வழிகளிற் செல்லக்கூடியன என்பதற்கு அது சான்றாகின்றது.

அங்ஙனமாயின் எவருக்கு எம்மருந்து இத்தீங்கை விளைக்கும் என முன்கூட்டியே அறிய இயலுமா? மூளையின் தொழிற்பாட்டைக் காட்டும் குறிகளைத் தேடும் முயற்சி இவ்வினாவிலிருந்தே ஊக்கம் பெறுகின்றது. ஜேர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பேர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார். அவர் வகுத்த வழியிலே பிற்பாடு, ஒலி ஒன்றைக் கேட்கும்போது மூளை எழுப்பும் மின் எதிரொலியையும் அளக்க முடிந்தது. உல்றிச் ஹேகேள், கேயோர்க் யுக்கெல் ஆகிய இரு ஜேர்மன் ஆய்வாளர் 1993இல் இதனை அடிப்படையாகக் கொண்டு ஒரு கருதுகோளை முன்வைத்தனர். ஒலியின் வலு படிப்படியாகக் கூடும்போது மூளையின் எதிரொலியும் கூடுகின்றது. அது செங்குத்தாக ஏறுமாயின் செரற்றோனின் தொழிற்பாடு தாழ்ந்துள்ளது. மெல்ல ஏறுமாயின் அது உயர்ந்துள்ளது என்பதே அக்கருதுகோளின் சாரம். ஒலியைப் பெறும் மூளைப் பகுதியிற் செரற்றோனின் நரம்பிழைகள் செறிந்திருத்தலும், செரற்றோனின் அவ்வெதிரொலியை மட்டுப்படுத்துவதாகக் கருதப்படுதலும் அதற்கு ஆதாரமாகும். மருந்து தொடங்குமுன் செரற்றோனின் தொழிற்பாடு எந்நிலையில் உள்ளது என்பதைத் தலையில் ஒட்டிய மின்வாய்களைக் கொண்டே ஊகிக்க இது வழி தருகின்றது. எனினும் இக்குறி செரற்றோனினை மாத்திரந்தான் காட்டுகின்றதா என்பதில் பிற்கால ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை.

மூளையைப் படம்பிடிக்கும் முறைகளும் துணைக்கு வந்தன. ஜேர்மன் ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நோயற்ற 18 ஆடவர் பரொக்செற்றின், பியூப்புறோப்பியன், வெற்றுக் குளிசை ஆகியவற்றை முறைமாற்றி ஏழு ஏழு நாட்கள் உட்கொண்டனர். பின்னர் பாலுணர்வைத் தூண்டும் காட்சிகளைக் காணும்போது அவர்தம் மூளை காந்தப்பரிவு முறையிற் படம்பிடிக்கப்பட்டது. பரொக்செற்றின் உட்கொண்டபோது, ஊக்கத்துக்கும் இன்ப எதிர்பார்ப்புக்கும் உரிய பகுதிகளின் தொழிற்பாடு தணிந்திருந்தது. பியூப்புறோப்பியனின்போது அத்தகைய தணிவு காணப்படவில்லை. பங்குபற்றியோர் மனச்சோர்வற்றவர் என்பதே இவ்வாய்வின் சிறப்பாகும். நோயையும் மருந்தையும் பிரித்தறிய இயலாத பழைய இடர்ப்பாடு இங்கு எழவில்லை. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் எசிற்றலோபிறம் பெறவிருந்த மனச்சோர்வு நோயாளரைக் கதிரியக்கக் குறிகாட்டிகளின் துணையுடன் ஆராய்ந்தோர், மூளையிலுள்ள செரற்றோனின் ஏற்பிகளுள் ஒருவகை நோயற்றோரிலும் பார்க்கச் சற்றுக் குறைந்திருந்தமையை 2023இல் அறிவித்தனர்.

இம்முயற்சிகள் போற்றத்தக்கனவே. ஆயின் அவை இன்னும் ஆய்வுகூடத்தின் எல்லையைத் தாண்டி மருத்துவரின் மேசையை வந்தடையவில்லை. செரற்றோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம் என்னும் எளிய கொள்கைக்கு உறுதியான சான்று இல்லை என 2022இல் வெளியான மீளாய்வொன்று முடிவு கூறிப் பெரும் விவாதத்தை எழுப்பியதும் இங்கு நினைவுகூரத்தக்கது. மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன என்பது ஒன்று. அவை ஏன் பயன் தருகின்றன என்பது மற்றொன்று. பின்னதிற் குழப்பம் நீடிக்கும்வரை குறி ஒன்றைக் கொண்டு தனியொருவருக்கு நேரப்போவதை அறுதியிட்டுக் கூறுதல் அரிதேயாம்.

இதனிடையே நோயாளரின் குரல் மெல்ல மெல்ல ஏற்கப்பட்டு வந்துள்ளது. மருந்தை நிறுத்திய பின்னரும் வேட்கையும் உணர்ச்சியும் மீளாதிருந்த சிலரைப் பற்றிய குறிப்புகள் 2006 தொடக்கம் மருத்துவ இதழ்களில் வெளிவந்தன. அத்தகைய நிலை சிலரிடத்து நீடிக்கக்கூடும் என்பதை அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய்க் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பிற் குறிப்பிட்டது. 2019இல் ஐரோப்பிய மருந்து முகாமை, இம்மருந்துகளின் தகவற் குறிப்புகளில் அவ்வெச்சரிக்கை சேர்க்கப்படல் வேண்டும் எனப் பணித்தது. அந்நிலை எத்துணைப் பேருக்கு நேர்கின்றது என்பது இன்னும் வரையறுக்கப்படவில்லை. ஆயினும் அவ்வாறு நேர்வதில்லை என முன்னர் மறுக்கப்பட்டோர் இன்று பொய்யுரைத்தோராகக் கருதப்படுவதில்லை.

இவ்வரலாற்றைக் கொண்டு மருந்துகளை வெறுத்தொதுக்குதல் தகாது. மருத்துவரைக் கலந்தாலோசியாது அவற்றைத் திடீரென நிறுத்துதல் பேராபத்தையும் விளைக்கலாம். அளவைக் குறைத்தல், வேறு மருந்துக்கு மாறுதல், உளவழிச் சிகிச்சையை நாடுதல் எனப் பரிகாரங்கள் பல உள. அவையனைத்துக்கும் வாயிலாக அமைவது உண்மையை வெளிப்படையாகப் பேசுதலேயாம். 1969இல் எலிகளும், 1973இல் ஒரு சிகிச்சை முறையும், 1987இல் நேர்முக வினாவும் உணர்த்தியதை உலகம் பொதுவாக ஏற்பதற்கு நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குக் கருவியின் குறை காரணமன்று. 14 வீதத்தை 58 ஆக்குதற்கு மின்வாயோ காந்தமோ தேவைப்படவில்லை. மதிப்புடன் கேட்கப்பட்ட ஒரு கேள்வியே போதியதாயிற்று. நாளைய மருத்துவர் மின்னலைக் குறிகளைக் கொண்டு மருந்தைத் தேரும் காலம் வரக்கூடும். அக்குறி பொருள் பெறுவதும் நோயாளர் தம் வாழ்வில் இழந்ததையும் மீளப்பெற்றதையும் தம் வாயாற் கூறும்போதே ஆகும். கருவி எத்துணை நுண்ணியதாயினும், கேட்கும் செவிக்கு அது ஈடாகாது.